புது டிரம் வந்த வீடு

கிராமச் செவிலியர் வேலை என்பது, ஊரில் யாரும் யாரிடமும் கேட்கக் கூடாத கேள்வியைப் பட்டப்பகலில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து கேட்கிற வேலை.

கர்ப்பிணிக்கு ஊசி போடுவோம், பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுப்போம், எடை பார்ப்போம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பிள்ளை பிறந்து ஒன்றரை மாதம் கழித்து நாங்கள் இன்னொரு தடவை வீடு தேடிப் போவது எதற்கென்று பலருக்குத் தெரியாது. தாய்க்குப் புண் ஆறிவிட்டதா, புருஷனும் பெண்டாட்டியும் மறுபடி ஒன்று சேர்ந்துவிட்டார்களா, சேர்ந்திருந்தால் அடுத்த பிள்ளை அவசரப்பட்டு வந்துவிடாமல் இருக்க ஏதாவது வழி செய்திருக்கிறார்களா என்று விசாரித்துவர வேண்டும். பயிற்சியில் இதற்கென்று ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார்கள். "தாம்பத்திய உறவைத் தொடங்கிவிட்டீர்களா?" நாரணாபுரத்தில் ஒரு வீட்டில் முதல் தடவை நான் இந்த வாக்கியத்தைச் சொன்னபோது, அந்தப் பெண்ணின் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சட்டைகூடப் போடாமல் வெளியே போனவர், நான் அந்தத் தெருவைத் தாண்டும்வரை திரும்பி வரவில்லை. அன்றோடு அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். "வீட்ல ரெண்டு பேரும் எப்படி இருக்கீக?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்ப்பேன். பதில் சொல்கிறவர்களுக்கு அது சௌகரியம்.

பச்சைப்பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த, அல்லது இப்போதும் படுத்திருக்கிற, என்னைப் போன்ற பாவப்பட்ட ஜீவன்களே, நான் சொல்லப்போவது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. செல்போன் அப்போதுதான் வீட்டுக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் எனக்கும் ஒரு கைக்குழந்தை. ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்த என்னிடம், யாராவது அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தால் பதில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். எனக்கு அம்மா வீடு சாத்தூர். என் வீட்டுக்காரர் கணேசனுக்குத் திருத்தங்கலில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன் வேலை. காலண்டர், பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் எல்லாம் அடிக்கிற இடம். பிள்ளை பிறந்த பிறகு ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். வரும்போது கையில் சுருட்டிய காகிதம் இருக்கும். கலர் விலகிப்போய்க் கழித்துப்போட்ட காலண்டர் தாள்கள். முருகனுக்குப் பக்கத்திலேயே நீலத்தில் இன்னொரு முருகன் லேசாகத் தெரிவார். பிள்ளை பார்க்கட்டும் என்று அம்மா அதைத் தொட்டிலுக்கு எதிரில் ஒட்டிவைப்பாள்.

அவர் முன்கட்டில் நாற்காலியில் உட்காருவார். எதிரில் என் அப்பா. மழை பெய்யாதது, பேப்பர் விலை ஏறியது என்று அப்பா பேசிக்கொண்டே இருப்பார். நான் உள் அறையில் கட்டிலில். அந்த அறைக்குக் கதவு உண்டு, ஆனால் அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைப்பாள். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு, கதவு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பார்ப்பேன். காப்பி ஆறிப்போகும். சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். ஒரு ஞாயிறு அவர் போன பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "மாப்பிள்ளை பிள்ளையப் பாக்க வாரேன்னு வாராரு. பாவம், பிள்ளை எந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்திருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது."

இங்க் வாடை

பிள்ளையை ஒற்றைப்படை மாதத்தில்தான் புருஷன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மூன்றாம் மாதம், லீவும் முடிகிற நேரம், நல்லநாள் பார்த்துத் திருத்தங்கலுக்கு வந்து சேர்ந்தேன். கதவு வழியாக அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், ஒரே வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வாரோ என்று வெட்கமும் பயமுமாக வந்தேன். அவர் ஒன்றுமே செய்யவில்லை. மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், முதல் இரண்டு மாதம் பிள்ளைக்குத் துணையாக எங்கள் அறையில் படுத்தார். இவர் முன்கட்டுக்குப் போனார். அப்புறம் அத்தை தானாகவே அடுப்படிப் பக்கம் பாயை மாற்றிக்கொண்டார். இவர் மட்டும் முன்கட்டை விட்டு வரவில்லை.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. தையல் போட்ட இடம் ஆறியிருந்தாலும் மனசுக்குள் அது ஆறவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. வயிறு பழைய வயிறாக இல்லை. சேலையை எப்படிக் கட்டினாலும் பால் நனைத்துவிடும். இதையெல்லாம் பார்த்து அவருக்கு ஆசை விட்டுப்போய்விட்டதோ என்று நினைத்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அழுதிருக்கிறேன். ஒரு நாள் துணிந்து, "உள்ளயே படுங்களேன், பிள்ளை ஒண்ணும் முழிக்காது" என்றேன். அவர் பாயைத் தட்டிப்போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் இங்கனயே படுத்துக்கிறேன் செல்வி. எம் மேல இங்க் வாடை அடிக்கும், பிள்ளைக்கு ஆகாது."

தண்ணிப் பஞ்சம்

நாரணாபுரத்தில் முத்துலட்சுமி என்று ஒரு பெண். வீட்டிலேயே உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவள். பிள்ளைக்கு ஐந்து மாதம். வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் குழாய் சுற்றுவதை நிறுத்தாமல், "எங்கக்கா, தண்ணி இல்லையே" என்றாள். எனக்கு விளங்கவில்லை. விளக்கினாள். விளக்கியதும், இத்தனை நாள் பயிற்சி வகுப்பில் இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு பேரும் சேர்ந்திருந்தால் மறுநாள் தலைக்குக் குளிக்காமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, விளக்கேற்றக் கூடாது. குழாயில் தண்ணீர் வருவதோ எட்டு நாளைக்கு ஒருக்கா. அன்றைக்குப் பிடித்து டிரம்மில் நிரப்பிவைப்பதுதான் குடிக்க, சமைக்க, பிள்ளைத் துணி அலச, எல்லாவற்றுக்கும். முற்றத்து டிரம்மில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவள் மாமியார் எட்டிப்பார்த்தே சொல்லிவிடுவாராம். நடுவாரத்தில் ஒருத்தி ஈரத்தலையோடு தெருவில் நின்றால் சுவரில் போஸ்டர் ஒட்டியதற்குச் சமம். பிள்ளை பெற்ற வீட்டில் புது டிரம் வாங்கினாலும் அப்படித்தான், தெருவே வந்து விலை விசாரிக்கும்.

"வெள்ளிக்கிழமை எப்படியும் எல்லாரும் தலைக்குக் குளிக்கத்தான செய்வீக? வியாழக்கிழமை இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்று நான் பெரிய யோசனை சொல்வதுபோலச் சொன்னேன். முத்துலட்சுமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அந்த ரோசனை தெருவுக்கே வந்துருச்சுக்கா. வெள்ளிக்கிழமை காலையில தெருவுல ஒருத்தி மொகத்த ஒருத்தி பாக்க மாட்டோம்" என்றாள். பிறகு சுற்றிய குழாய்களை அடுக்கிவைத்துவிட்டு ஒரு மனுவும் கொடுத்தாள்: "கவர்மெண்டுல காண்டம் குடுக்காக, காப்பர் டி குடுக்காக. அதோட ஒரு தண்ணி லாரியும் குடுத்தாத்தான என்னக்கா?"

வெள்ளிக் கை

பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற பகுதியில் வேலை பார்ப்பவர்களைச் சாயங்காலம் பார்த்தால் வெள்ளி முலாம் பூசியதுபோல இருப்பார்கள். அலுமினியப் பொடி. சோப்புப் போட்டுக் கழுவினாலும் ரேகைக்குள் போனது லேசில் வராது. குளித்து, துணி மாற்றாமல் பிள்ளையைத் தொடக் கூடாது என்று வீடுவீடாகச் சொல்வது என் வேலைகளில் ஒன்று.

ஒரு நாள் சாயங்காலம் நான் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வீட்டு அம்மா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். அவர் மகன் பாண்டிக்கு அந்தப் பகுதியில்தான் வேலை. மருமகள் பிள்ளையோடு அம்மா வீட்டிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "நர்ஸம்மா, எம் மருமகளுக்கு முதுகுல என்னமோ வந்திருக்கு, என்ன வியாதின்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கறுப்பு ஜாக்கெட். முதுகில் நட்டநடுவில், ஐந்து விரலும் விரித்து வைத்த மாதிரி, பளபளவென்று வெள்ளியில் ஒரு கை. அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்ததும் ஈரத்துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவளைக் காப்பாற்றப் பார்த்தேன். "வியாதி ஒண்ணும் இல்லம்மா. சுவத்துல சாஞ்சிருப்பா, சுண்ணாம்பு ஒட்டியிருக்கு" என்றேன்.

சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, பொடிக் கையோடு பிள்ளையையும் தொடக் கூடாது, பெரியவர்களையும் தொடக் கூடாது, முதலில் குளியல்தான் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். உள்ளே பாண்டி இருமினான். எனக்குச் சிரிப்பு வந்தாலும் கூடவே ஒரு வயிற்றெரிச்சலும் வந்தது. இவன் குளிக்கக்கூடப் பொறுக்காமல் பெண்டாட்டியிடம் ஓடிவருகிறான். என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, பவுடரும் போட்டுக்கொண்டு முன்கட்டில் போய்ப் படுக்கிறார். கிளம்பும்போது அந்த அம்மா வாசல்வரை வந்து, ரொம்பத் திருப்தியாக என் காதில் சொன்னார்: "சுண்ணாம்பா? போங்க நர்ஸம்மா. எம் மகன் கை எனக்குத் தெரியாதா? சுண்டுவெரலு கோணலா இருக்கும், அப்படியே பதிஞ்சிருக்கு பாருங்க."

வத்தல் மூட்டை

திருத்தங்கலில் காதர் என்று ஒருவர், மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். மனைவி நூர்ஜகானுக்கு முதல் பிள்ளை. அவர்கள் வீட்டில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் ஒதுங்கியிருக்கிற கணக்கு. நாற்பது முடிந்து அவள் அம்மா வீட்டிலிருந்து வந்ததும், பிள்ளையைப் பார்க்க வந்த காதரின் அக்காமார் இரண்டு பேரும் பள்ளிக்கூட லீவு என்று பிள்ளைகளோடு அப்படியே தங்கிவிட்டார்கள். எல்லாரும் பிள்ளை பெற்றவளைச் சுற்றியே படுத்தார்கள். காதர் கடைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார்.

ஒரு காலை அவர் எங்கள் துணை சுகாதார நிலையத்து வாசலில் நின்று ஏழெட்டுத் தும்மல் போட்டார். சளிக்கு மாத்திரை கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "சிஸ்டர், பிள்ளை பெத்தவகளுக்கு அமைதி வேணும், காத்தோட்டமா ஒரு ரூம் வேணும்னு நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா நல்லாருக்கும். எங்க அம்மா நீங்க சொன்னாக் கேப்பாக" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு தும்மல். பார்க்கப் பாவமாக இருந்தது. அன்று மத்தியானமே போனேன். அவர் அம்மாவிடம், தாய்க்கு ஓய்வு எவ்வளவு முக்கியம், பிள்ளையைச் சுற்றி இத்தனை பேர் மூச்சு விடக் கூடாது என்றெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்த அம்மா முழுவதையும் கேட்டார். மகள்களைப் பார்த்து, "துணிமணிய எடுத்து வைங்க, மாப்பிள்ளைமாரு உங்களக் காணாமத் தவிச்சுக்கிட்டு இருப்பாக" என்றார். எனக்குப் பால் சர்பத் வந்தது. அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகத்தை ரொம்ப அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்டார்: "ஓய்வு பிள்ளை பெத்தவளுக்கு மட்டுமாம்மா, இல்ல வத்தல் மூட்டைக்குள்ள கெடந்து தும்முறவனுக்கும் சேத்துத்தான் சொல்றீகளா?"

சூலக்கரையில் நடித்த நடிப்பு

செவிலியர்களின் மாதக் கூட்டத்துக்குச் சூலக்கரைக்குப் போக வேண்டும். ஒரு மாதம் டாக்டரம்மா, பிரசவமான தாயிடம் கூச்சமில்லாமல் பேசுவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். சும்மா கேட்டால் தூங்கிவிடுவோம் என்று எங்களையே நடித்துக்காட்டச் சொன்னார். எஸ்தர் அக்கா நர்ஸ், நான் தாய். எஸ்தர் அக்கா எனக்கு மூத்தவர், பக்கத்துப் பகுதியில் வேலை பார்ப்பவர். ஒரு மேஜைத் துணியைச் சுருட்டி என் கையில் பிள்ளையாகக் கொடுத்தார்கள்.

"புண்ணெல்லாம் ஆறிருச்சாம்மா?" ஆறிருச்சு. "பிள்ளை நல்லாப் பால் குடிக்கா?" குடிக்கா. "வீட்ல ரெண்டு பேரும் எப்படி இருக்கீக?" கேட்டுவிட்டு எஸ்தர் அக்கா, நான் செய்வதுபோலவே, மேஜைத் துணியைப் பார்த்தார். அது என்னுடைய கேள்வி. எத்தனை வீட்டில் கேட்டிருப்பேன். தலையைக் குனிந்தேன். மேஜைத் துணியின் ஓரத்தைப் பிடித்து முறுக்கினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்து, அந்தத் துணிமேலேயே விழுந்தது. கூட்டம் முழுக்கக் கைதட்டியது. "எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. தாய்மார் இப்படித்தான் இருப்பாங்க. செல்வி அப்படியே தத்ரூபமா செஞ்சாங்க" என்று டாக்டரம்மா பாராட்டினார். எனக்கு ஒரு பேனா பரிசும் கிடைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எஸ்தர் அக்கா காராச்சேவு பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். சேவு தீர்ந்ததும் பொட்டலத்தைக் கசக்கி வெளியே எறிந்துவிட்டுச் சொன்னார்: "அது நடிப்பில்லன்னு எனக்குத் தெரியும்டி. ஊருக்கெல்லாம் அம்புட்டு நாக்கு நீளுது, வீட்டுக்காரர்ட்ட மட்டும் ஏன் சுருண்டுக்கிட்டுக் கெடக்கு? அவரையும் ஒரு பேஷண்டுன்னு நெனச்சுக் கேட்டுத் தொலையேன்."

கடைசி ஆள்

கேட்கவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறப்பேன், "சாப்பிடுறீகளா?" என்று முடித்துவிடுவேன். அப்படியே காலண்டர் சீசன் வந்துவிட்டது. சீசனில் மெஷின்மேன் வீட்டில் தங்குவதே அபூர்வம். அரைநாள் லீவு போட்டால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று முதலாளியே விசாரிக்க வந்துவிடுவார். அப்படிப்பட்ட சீசனில் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஒன்பதாம் மாதத்து அம்மை ஊசிக்கு எங்கள் ஹரிணியை அத்தை கொண்டுவருவதாக இருந்தது. நான் குனிந்து ஊசி போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், தாய்மார் வரிசையின் கடைசியில், மடியில் பிள்ளையோடு, மீசை வைத்த ஒரே ஆளாக இவர் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் முத்துலட்சுமி. அவள் இவரிடம் ஏதோ மும்முரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "அத்தை வரலியா?" என்றேன். "அம்மாவுக்குக் கால்வலியாம். அடி எடுத்து வைக்க முடியலைன்னுச்சு, நீதான் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு" என்றார். ஊசி போட்டேன். பிள்ளை அழுதது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளை அடங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "நீ எல்லார்ட்டயும் என்னமோ கேப்பியாம்ல. எனக்கு முன்னால இருந்த பிள்ளை சொல்லுச்சு. எங்கிட்டயும் கேளு."

எனக்கு எஸ்தர் அக்கா ஞாபகம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வீட்ல ரெண்டு பேரும் எப்படி இருக்கீக?" கேட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் பிள்ளையைப் பார்த்தேன்.

"எங்க இருக்கோம்? ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு ஊர்ல இருக்கோம்" என்றார். நகக்கண்ணில் இருந்த இங்க்கைச் சுரண்டிக்கொண்டே பேசினார். "அன்னைக்குப் பிரசவ வார்டுக்கு வெளிய நின்னேன்ல. நீ கத்துனது இன்னும் காதுக்குள்ளயே கெடக்கு செல்வி. மெஷின் ஓடுற சத்தத்துலயும் அதுதான் கேக்குது. என்னாலதான ஒனக்கு அம்புட்டு வலியும். மறுபடி ஒம் பக்கத்துல வந்து, நீ வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நான் என்ன செய்வேன்? அதான் இங்க் வாடை அது இதுன்னு சொல்லிட்டு வெளிய படுத்துக்கிட்டேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தன. ஆறு மாதமாக நான் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துப் பார்த்து அழுதது இதற்குத்தானா? "எனக்குன்னா நீங்க வெறுத்துட்டீகளோன்னு பயம். வயிறு இப்படிப் போச்சு, மேலெல்லாம் பால் வாடை வேற" என்றேன். "அந்த வாடைக்காகத்தான் சாத்தூர் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன், ஒங்கப்பா பேப்பர் வெலையப் பேசியே திருப்பி அனுப்பிட்டாரு" என்றார். அப்புறம் நான் நர்ஸாகவே பேசினேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். அவசரம் ஒன்றும் இல்லை, முதலில் முன்கட்டிலிருந்து பாய் உள்ளே வரட்டும், பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருந்தாலே போதும், பால் கொடுக்கிற காலத்தில் உடம்பு வறண்டுதான் இருக்கும், அது ஆசை இல்லாததால் அல்ல, வலித்தால் சொல்வேன், சொன்னால் நிறுத்திவிட வேண்டும், நிறுத்தியதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று, ஊருக்கெல்லாம் சொன்னதை முதல்முதலாக எனக்கும் சேர்த்துச் சொன்னேன். அவர் நல்ல பேஷண்ட் மாதிரி தலையாட்டிக் கேட்டார். "எல்லாருக்கும் குடுக்கிறத எனக்குக் குடுக்க மாட்டியா?" என்று கேட்டு, ஆணுறைப் பாக்கெட்டையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிள்ளையைத் தோளில் போட்டு வாசல்வரை போனவர், எதையோ மறந்ததுபோலத் திரும்பி நின்று கேட்டார்: "ஏன் நர்ஸம்மா, வீட்ல தலைக்குக் குளிக்கத் தண்ணி இருக்கா?"

புது டிரம்

சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிள் கேரியரில் கட்டி ஒரு நீல டிரம் வந்து இறங்கியது. தெருவில் இருக்கிற அத்தனை பேரும் வாசலுக்கு வந்தார்கள். எதிர்வீட்டு அக்கா, "என்ன வெலை?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் உள்ளே போய் அடுப்படியில் வேலை இல்லாமலே வேலை பார்த்தேன். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற முறை. அடி எடுத்துவைக்க முடியாத அத்தை, குடம் குடமாகத் தானே சுமந்து இரண்டு டிரம்மையும் நிரப்பினார். நான் போய்க் குடத்தைப் பிடித்ததற்குக் கையைத் தட்டிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. சீசனில் ஞாயிறும் மெஷின் ஓடும். முதலாளியிடம் என்ன சொன்னாரோ, இவர் காலையில் குளித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அத்தை சாப்பிட்டு முடித்ததும் ஹரிணிக்குப் புதுக் கவுன் போட்டு, தூக்குச்சட்டியில் குழைத்த இட்லியும் பாலும் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தார். மலைக்கோயிலுக்குப் போகிறாராம், அப்படியே மகள் வீட்டில் எட்டிப்பார்த்துவிட்டு வருவாராம். "அத்தை, கால்வலி?" என்றேன். "எந்தக் காலு?" என்றார். படியில் விறுவிறுவென்று இறங்கிப் போனவர், தெருவில் நின்று திரும்பி, எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "ரெண்டு டிரம்மும் தளும்பத் தளும்பக் கெடக்கு தாயி. நான் பொழுது சாஞ்சுதான் வருவேன், ரெண்டு பேரும் தண்ணிக்குக் கஞ்சத்தனம் பண்ணாதீக."

அரசாங்கம் எனக்குக் கொடுத்த பயிற்சியில் எல்லாமே இருந்தது, கால்வலி எந்தப் புதன்கிழமை வர வேண்டும், எந்த ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்று தெரிந்த ஒரு மாமியாரைத் தவிர.